குறைத்துக் கேட்டவர்

எங்கள் தெருவில் அவரிடம் யாரும் எதையும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். பென்னாகரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். ஒன்பதரைக்கு என்றால், "ஒம்பதே முக்காலுன்னு வெச்சுக்கலாமா" என்பார். பஸ்ஸை ஓட்டுகிறவர் எங்கேயோ டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருக்க, இங்கே வைத்துக்கொள்வதற்கு நாம் யார்? அதனால் பழகியவர்கள் ஒன்பதேகால் என்றே ஆரம்பிப்பார்கள். அவரும் அதை இழுத்துப் பிடித்து ஒன்பதரைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்து, சரியான நேரத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்.

தொழில், மாட்டுத் தரகு. பாப்பாரப்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டையான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. எங்கள் வீட்டின் முன் அறையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மகள் தாரணி அப்போது இரண்டாம் வகுப்பு. சந்தை இல்லாத நாட்களில் என் கடை வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது தரகர் வழக்கம். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டதால் தாரணிக்கு அவர் மாமா. தெருவில் மாமாக்கள் அதிகம் என்பதால் அவள் 'மாட்டு மாமா' என்று அடையாளம் வைத்தாள். அவருக்கு அதில் வருத்தமில்லை. மாமாவை விட்டுவிட்டு மாடு என்று மட்டும் கூப்பிடாமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டார்.

தொழிலில் பேரம் பேசுகிறவர் எத்தனையோ பேர். இவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தால், முன்பக்கம் எடுத்ததற்குப் பின்பக்கம் சேர்த்திதானே என்பார். சர்க்கரைக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்றாராம். "காலைக்கு ஒண்ணு, ராத்திரிக்கு அரைன்னு முடிச்சுட்டேன்" என்று வந்து சொன்னார். முடித்தது டாக்டருக்குத் தெரியாது. அவர் பெண்ணின் கல்யாணத்துக்கு ஐயர் விடியற்காலையில் முகூர்த்தம் குறித்துக் கொடுக்க, அதை அரை மணி நேரம் தள்ளிப்போட வைத்து, கிரகங்களே இறங்கி வந்துவிட்ட மாதிரி பல மாதம் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு முறை அவருடைய மச்சான் வீட்டு விசேஷத்துக்காக மொரப்பூரில் எல்லாரும் சேலம் பாசஞ்சர் ஏறினோம். கூட்டம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஏற்கெனவே நான்கு பேர். இவர் போய் நின்று, உட்கார வேண்டாம், சும்மா சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தால் போதும் என்றார். பாவம், அவர்களும் சம்மதித்தார்கள். பிறகு ஒரு கால் மட்டும், பிறகு பாதி உடம்பு என்று பேசிப் பேசி, பொம்மிடி வருவதற்குள் ஜன்னலோரத்தில் இருந்தார். ஜன்னலோரத்தில் இருந்தவர் எங்கே போனார் என்று நான் பார்க்கவில்லை. தரகர் மனைவியிடம், "எப்படிங்க அண்ணி இவரோட குடும்பம் நடத்துறீங்க?" என்று கேட்டேன். அவர் அமைதியான மனுஷி. தட்டில் களி உருண்டை இரண்டு வைத்தால் ஒன்றரை போதும் என்பார், அதனால் அந்த இரண்டையும் முன்கூட்டியே பெரிதாகப் பிடித்துவிடுவேன் என்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேரம் பேசுவாரே தவிர, பேசி முடித்த வாக்கைப் புரட்ட மாட்டார். மாட்டுக்குப் பல் போயிருந்தால் போயிற்று என்பார். வாங்குகிறவனிடம் ஒன்று, விற்கிறவனிடம் ஒன்று சொன்னதாக ஒரு பேச்சு அவர் மேல் வந்ததில்லை. அதற்குக் காரணம் துண்டு என்று அவர் நம்பினார்.

துண்டு வியாபாரம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பார். ஒரு விரல் என்றால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றிலும் கூட்டம் நிற்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. படிந்தாலும் படியாவிட்டாலும், உள்ளே என்ன விலை ஓடியது என்பதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அந்தத் தரகரிடம் அப்புறம் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். இந்த ரகசியத்தில் மட்டும் அவரிடம் பேரமே கிடையாது. பேரம் பேசும்போது அவருடைய இடது தோள் மட்டும் லேசாக ஏறி ஏறி இறங்கும். உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

தாரணிக்கு மூன்று வயதிலிருந்தே தொண்டையில் சதை வளர்ந்து தொல்லை. மாதம் தவறாமல் காய்ச்சல், தூக்கத்தில் பெரிய ஆள் மாதிரி குறட்டை, பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு. கடைசியில் தருமபுரியில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு டான்சிலை எடுத்துவிடலாம் என்றார். அதைக் கேள்விப்பட்டதும் நம்மவர், இரண்டு பக்கமும் எடுக்க வேண்டுமா, இப்போதைக்கு ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டுப் பார்க்கும்படி என்னையும் தூண்டினார். நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். இரண்டு வலி மருந்துகள், ஒன்று மாற்றி ஒன்று, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். குழந்தை அழுகிறதா இல்லையா என்று பார்க்கக் கூடாது. வலி ஏறிய பிறகு அதைப் பிடிப்பது கஷ்டம். முதலில் பரவாயில்லாமல் இருக்கும், சில நாள் போனதும் வெள்ளைப் படலம் உரியும்போதுதான் அதிகம் வலிக்கும், காதுவரைக்கும் இழுக்கும், பயப்பட வேண்டாம். ரத்தம் தெரிந்தால் உடனே வர வேண்டும். குடிப்பதை மட்டும் நிறுத்தவே கூடாது. குளிர்ந்த தண்ணீர், ஐஸ்கிரீம் எல்லாம் கொடுக்கலாம்.

இந்த ஐஸ்கிரீமைக் கேட்டுத் தெருவே ஆடிப்போய்விட்டது. அறுத்த இடத்தில் குளிர்ச்சியா? எங்கள் பக்கம் பல் பிடுங்கினால்கூடப் பத்தியம் உண்டு. ஒவ்வொருவராக பிரெட்டும் ஹார்லிக்ஸும் திராட்சையும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் செல்போன் டார்ச்சை அடித்து அவள் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதைப் போல முறை வைத்துப் பார்த்தார்கள். வெள்ளையாக இருப்பதைப் பார்த்துச் சீழ் பிடித்துவிட்டது என்று ஒருவர், ஐஸ்கிரீம்தான் அப்படியே ஒட்டியிருக்கிறது என்று இன்னொருவர். போகும்போது ஒவ்வொருவரும் மறக்காமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "ஒழுங்கா சாப்புடு கண்ணு, இல்லன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க."

நாம் பிள்ளைகளிடம் அன்பு காட்டுகிற விதமே இது. சாப்பிடாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி, அழுதால் ஊசி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவரும், ரொம்ப வலித்தால் சொல்லு, ஊசி போட்டுவிடலாம் என்று ஆறுதலாகத்தான் சொல்லியிருந்தார். அந்தச் சின்ன மண்டை இதையெல்லாம் கேட்டு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. வலி என்று சொன்னால் ஊசி. சொல்லாவிட்டால் ஊசி இல்லை. இந்தக் கணக்கு எங்களுக்கு அப்போது தெரியாது.

வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினாள். அழவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு சமத்து என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். ஓசூரிலிருந்து என் கணவர் போனில், வலியே இல்லாதபோது எதற்குச் சும்மா சும்மா சிரப்பை ஊற்றுகிறாய், வயிறு புண்ணாகிவிடும் என்றார். எதிர்த்த வீட்டு அண்ணியும் அதையே சொன்னார். மணி பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இப்படித்தான் கேட்டுக் கொடுக்கிற மருந்தாக மாறியது. அவள் தலையாட்டினால் அந்த வேளை மருந்து பாட்டிலிலேயே இருந்தது.

எங்கள் கவலையெல்லாம் அவள் குடிக்கவில்லையே என்பதுதான். ஒரு மடக்குத் தண்ணீருக்கு அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் மாட்டு மாமா உள்ளே வந்தார். கையில் ஒரு இளநீர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போட்டுக்கொண்டு அவள் பக்கம் நீட்டினார்.

"பேச வேணாம் கண்ணு. சந்தையில நாங்களும் பேசறதில்ல" என்றார்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சந்தைக்குப் போய்த் துண்டு வியாபாரத்தைப் பார்த்தவள். கண் பளிச்சென்று ஆனது. கையை உள்ளே விட்டாள். அவர் ஐந்து மடக்கு கேட்டிருப்பார் போல. அவள் தலையைச் சிலுப்பினாள். அவர் தோள் ஏறியது, இறங்கியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவர் எழுந்து போகிற மாதிரி பாவனை செய்தார். அவள் அவர் விரலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கடைசியில் மூன்று மடக்குக்குப் படிந்தது. வாக்குத் தவறாமல் குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் குடித்தாள்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் டாக்டருக்கு மேல் ஆகிவிட்டார். காலையில் ஒரு வியாபாரம், மத்தியானம் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. தண்ணீருக்கு, ரசம் விட்டுக் கரைத்த சாதத்துக்கு, ஐஸ்கிரீமுக்குக்கூடப் பேரம். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் எல்லாம், எத்தனையோ காளையைப் படிய வைத்திருக்கிறேன், இந்தக் கன்றுக்குட்டி மாதிரி பிடிவாதம் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலி எவ்வளவு இருக்கிறது, ஐந்து விரலில் எத்தனை என்றும் துண்டுக்குள் கேட்டுப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். என்னிடம் இல்லை என்று ஆட்டுகிற தலை அவரிடமும் அப்படியே ஆடுமா என்று ஒரு சந்தேகம். துண்டைப் போட்டார். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தோள் இரண்டு தடவை ஏறி இறங்கியது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "படிஞ்சுடுச்சு" என்றார்.

எத்தனை என்று கேட்டேன். அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார்.

"அதெப்படிம்மா வெளிய சொல்றது? துண்டுக்குள்ள பேசினதாச்சே."

இது மாடு இல்லைங்க அண்ணா என்றேன். எதுவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். தாரணி கட்டிலில் இருந்தபடி அவரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நம்பிக்கை. நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பெரிதாக ஏதாவது இருந்தால் சொல்லாமலா இருப்பார் என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு நாளும் இதே கதைதான். அதற்கடுத்த நாள் சந்தை. அவர் விடிவதற்கு முன்பே மாட்டு வண்டி ஏறிப் போய்விட்டார். அன்று காலையில் தாரணி எழுந்திருக்கும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. எச்சிலைக்கூட விழுங்காமல் ஒரு துணியில் வழிய விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டம்ளரைக் கொண்டுபோனால் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். வலிக்கிறதா கண்ணு என்றால் மட்டும் தவறாமல் இல்லை என்று தலை ஆடியது. மத்தியானம் ஆகியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. உதடு வெடித்துப்போயிருந்தது. காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. கடையை மூடிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்த்த வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். சந்தைப் புழுதியோடு அப்படியே வந்தார். வருகிற வழியிலேயே, இன்னைக்கு எத்தனை மடக்குக்குப் பேசலாம் என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்து துண்டைப் போட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெதுவாகக் கையை உள்ளே விட்டாள்.

அவர் தோள் ஒரு தடவை ஏறியது. பழக்க தோஷம், விலையைக் கேட்டதும் குறைத்துத்தான் அமுக்கியிருப்பார். அது இறங்குவதற்காக நான் காத்திருந்தேன். தோள் இறங்கவில்லை. அவள் யோசிக்கவில்லை, உதட்டைக் கடிக்கவில்லை, தலையைச் சிலுப்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. துண்டுக்குள்ளே அந்தக் கை எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

அவர் இன்னொரு கையால் துண்டை எடுத்துத் தரையில் போட்டார். அவருடைய ஐந்து விரலையும் அவள் சின்னக் கை கொத்தாக இறுக்கிப் பிடித்திருந்தது. அதை அப்படியே தூக்கி எனக்குக் காட்டினார்.

"இதாம்மா பாப்பா சொல்ற வெலை. இதுல ஒரு வெரலு கொறைக்க முடியாது. டாக்டரம்மாவுக்குப் போனைப் போடு."

தாரணி கையைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு வலியைவிட அதுதான் பெரிய அடியாக இருந்தது. துண்டுக்குள் சொன்னதை இப்படி ஊரறியக் காட்டிவிட்டாரே. அவள் இத்தனை நாளில் முதல் தடவையாக அழுதாள். சத்தம் போட்டு அழத் தொண்டை இடம் கொடுக்கவில்லை, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். நடுவில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஊசி வேண்டாம்மா" என்றாள். அப்போதுதான் அவள் கணக்கு எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியது.

டாக்டரம்மா போனை எடுத்ததும் ரத்தம் வந்ததா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றார். சொன்னேன். டாக்டரம்மா திட்டாமல் சொன்னார். இப்போதே கொடுங்கள், அரை மணி நேரம் கழித்து மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் குளிர்ந்த தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், ஆறு மணிக்குள் ஒரு டம்ளராவது இறங்கவில்லை என்றால் அழைத்து வாருங்கள், டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். எனக்கு மருந்தைக் கொடுக்க அவசரம். தாரணியோ வாயைத் திறக்கவே தயாராக இல்லை. ஊசி இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நான் இதற்கு முன்பு ஊசி உண்டு என்று பயமுறுத்தியவர்கள் கட்சி.

அவர் என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். பாப்பா கேட்டுக்கொண்டு இருக்கிறது, வலிக்குது என்று சொன்னதற்காக ஊசி போடுவீர்களா மாட்டீர்களா, உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். டாக்டரம்மா தாரணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"வலிக்குதுன்னு சொன்னா மருந்துதான் கண்ணு, ஊசி கிடையாது. நீ சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனா தண்ணி குடிக்கவே இல்லன்னா கையில ஒரு ஊசி குத்தித்தான் டிரிப்ஸ் போடணும். அது நிஜம்."

இவர் விடுவாரா? ஆறு மணியை எட்டு மணி என்று வைத்துக்கொள்ளலாமா என்றார். டாக்டரம்மா முடியாது என்றார். ஏழரை? முடியாது. ஆறரை? போன் வைக்கப்பட்டது. என் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொம்பளை சுத்தமா எறங்க மாட்டேங்குது என்றார். அந்தக் குரலில் மரியாதை இருந்தது.

அந்தப் பேரத்தைக் கேட்டுத்தான் தாரணிக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். பொய்யாக இருந்தால் டாக்டர் கொஞ்சமாவது இறங்கியிருப்பாரே. வாயைத் திறந்தாள். மருந்து உள்ளே போகும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு என் கையை நகம் பதிய அழுத்தினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் போகவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணி வாசலில் வந்து நின்று, மத்தியானம் இன்னும் சாப்பிடவில்லையே என்று கூப்பிட்டுப் பார்த்தார். கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டார். துண்டு தரையிலேயே கிடந்தது. வெயில் ஜன்னலைத் தாண்டிப் போனது.

ரொம்ப நேரம் கழித்துத் தாரணி கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, முகம் உம்மென்று இருந்தது. இருந்தாலும் ஒரு கையைத் தூக்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி வலிக்கு நான்கு விரல் காட்டினாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் போனதும் ஒரு விரலை மடக்கி மூன்று காட்டினாள். அவர் குறைத்துக் கேட்க வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் டம்ளரைக் கொண்டுபோனேன். ஒரு மடக்குக் குடித்தாள். நிறுத்தினாள். காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு மடக்குக் குடித்தாள். எத்தனை மடக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு டம்ளர் காலியாக இருந்தது. அவள் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். இனிமேல் மணி பார்த்துக் கொடுங்கள், யாரையும் கேட்காதீர்கள் என்றார். ஓசூருக்கும் அதையே சொல்லிவிட்டேன்.

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை கூடவே போனேன். ரொம்ப நன்றிங்க அண்ணா, நீங்கள் மட்டும் காட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றேன். வழக்கமாக இந்த மாதிரி ஒரு பாராட்டுக் கிடைத்தால் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர், செருப்பை மாட்டிக்கொண்டு தலை நிமிராமல் நின்றார்.

"மொத நாளு மூணு வெரலு புடிச்சுதும்மா" என்றார். "நான் ரெண்டுன்னு அமுக்குனேன். சரின்னுடுச்சு. படிஞ்சுடுச்சுன்னு எந்திரிச்சு வூட்டுக்குப் போயிட்டேன். அந்த இன்னொரு வெரலு வலி எங்கம்மா போயிருக்கும்? அதத் தன்னந்தனியா அதுவேதான வெச்சுகிட்டுக் கெடந்திருக்கும்."